நூற்று முப்பத்தெட்டு

ஞாயிறு, ஐந்தே முக்கால். போகோட்டா இன்னும் விடியவில்லை.
நெஞ்சுப் பட்டையின் உட்புறத்தை எச்சில் தொட்டு நனைக்கிறேன்.
ஈரம் இல்லாவிட்டால் அது என் இதயத்தை நம்புவதில்லை.
ஒருநாள் இருநூற்றுப் பதினேழு என்றது.
அப்போது நான் காலுறை தேடிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் ஃபபியோலா சீட்டில் எழுதிக் கொடுத்த எண்
நூற்று முப்பத்தெட்டு.
"சைக்கிளை விடச் சொல்லவில்லை, தோன் எதில்பெர்தோ,
அவசரத்தை விடுங்கள்."
இருபத்தாறு வருடமாகச் சாவி வெட்டுகிறவன்.
ஒரு மயிரிழை கூடினாலும் பூட்டு திறக்காது என்பது
எனக்குத் தெரியாததா?
தெரியும்.
ஆனால் பாத்தியோஸ் மேட்டைப் பார்த்ததும்
கால்களுக்கு அது மறந்துபோகிறது.

எண்பத்து நான்காம் தெருவில் ஏற்றம் தொடங்குகிறது.
கியரைக் கடைசிவரை இறக்கிவிட்டேன்.
நூற்று இருபத்தொன்பது. முப்பத்து நான்கு.
ரோஜா நிறச் சட்டைப் பையன்கள் பத்துப் பேர்
என்னைக் கடந்து போனார்கள், பேசிச் சிரித்தபடி.
ரொட்டிக்கூடை கட்டிய ஒருவன் போனான், கியரே இல்லாத வண்டியில்.
பின்சீட்டுப் பெட்டியில் நாயை வைத்து ஒரு பெண் போனாள்.
நாய் மட்டும் திரும்பிப் பார்த்தது.

நூற்று முப்பத்தொன்பது.
கடிகாரம் கீச்சிட்டது.
இன்னும் மெதுவாக மிதித்தேன்.
இதற்கு மேலும் மெதுவாகப் போனால்
அதற்குப் பெயர் நிற்பது.

அப்போதுதான் நூபியா வந்து சேர்ந்தார்.
பல் செட் செய்கிறவர், கடிகாரம் கட்டாதவர்.
அவருடைய கணக்கு வேறு:
ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் மூச்சு வாங்காமல் முடிக்க வேண்டும்.
நடுவில் அறுந்தால்
வாயை விடக் கால் அதிகமாகப் பேசுகிறது என்று அர்த்தம்.

எனவே பேசினோம்.
"என் தங்கை வீட்டுக்காரர் கோழிப்பண்ணை வைத்துத் தொலைத்த பணத்தில் பாதி
நான் மேல்தாடைகளாகச் செய்து சேர்த்தது" என்றார்.
அடுத்த வளைவில்:
"தங்கை இன்னும் பேசுவதில்லை."
அதற்கடுத்த வளைவில்:
"போகட்டும்."
பிறகு
"ம்."
நான் எண்ணைப் பார்க்கவில்லை.
அந்த ம் போதுமாக இருந்தது.

உச்சியில் சுங்கச்சாவடி, மெல்லிய காற்று, பிளாஸ்டிக் நாற்காலிகள்.
பனேலா வெல்லம் கரைத்த சுடுநீர்,
அதன் அடியில் இழையிழையாய் உருகும் பாலாடைக்கட்டி.
நூற்றுப் பன்னிரண்டு. நூறு. தொண்ணூற்று நான்கு.
"எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது பாருங்கள்,
அதுதான் உடம்பு தேறுகிற லட்சணம்" என்றார் நூபியா.
"உங்கள் முறை. ஏதாவது சொல்லுங்கள்."

சொன்னேன்.
செவ்வாய்க்கிழமை கோர்ட் ஆள் கூப்பிட்டார்,
வாடகை பாக்கி வைத்த ஒரு வீட்டைத் திறக்க.
உள்ளே ஜன்னல் விளிம்பில் பள்ளிக்கூட ஷூ,
கழுவிக் காய வைத்தது, ஒரு ஜோடி.
அந்தப் பூட்டைப் போனவருடம் அவர்களுக்குப் போட்டதே நான்தான்.
நல்ல பூட்டு, யாராலும் திறக்க முடியாது என்று
சொல்லித்தான்

கடிகாரம் கீச்சிட்டது.
நூற்று நாற்பத்தொன்று.
நான் உட்கார்ந்துதான் இருந்தேன்.

ஐந்து மண்டலங்கள், ஐந்து நிறங்கள், கைப்பேசியில் எல்லாம் உண்டு.
இதற்கு எந்த நிறம் என்று தேடினேன்.
சும்மா சிவப்பாக இருந்தது,
ஏதோ நான் மலையைப் பெயர்த்துவிட்ட மாதிரி.
நூபியா தன் கோப்பையிலிருந்து ஒரு துண்டுக் கட்டியை எடுத்து
என் கோப்பையில் போட்டார்.

இறக்கத்தில் காற்று இருவர் பேச்சையும் பறித்துக்கொண்டது.
கீழே சிக்னலில் வண்டிகளை நிறுத்தினோம்.
நூற்று மூன்று.
"மறுபடி கூப்பிட்டால்?" என்று கேட்டார்.

சமதளம். மூச்சும் இருந்தது.
வாக்கியத்தைத் தொடங்கினேன்.
பச்சை விழுந்தது.