நீலம் பாரிக்காது

கொடிமலை நர்சரியின் பழைய பேரேடுகளைத் தட்டச்சு செய்ய
பக்கத்துக்கு இரண்டு ரிங்கிட்.
ஓரக்குறிப்புகளுக்குக் காசில்லை.
நாற்பத்தொன்றாம் எண் ரோஜாவில்
மூன்று நாளாய் நிற்கிறேன்.

பெயர் கேப்டன் லெதர்பி.
பூவுக்கு மீசை வைத்ததுபோல.

1931, கப்பலில் வந்த விலைப்பட்டியல்:
'கருஞ்சிவப்பு. மொட்டில் ஏறக்குறையக் கறுப்பு.
வெல்வெட். இதழ் முப்பது.
மணம் தாராளம்.
நீலம் பாரிக்காது.'

1934: அதே பூ, அதே வரிகள்.
இதழ் நாற்பதாகியிருக்கிறது.
விலையும்.

1936, மலர்க்காட்சி நடுவர், பென்சிலில்:
'ஒயின். இல்லை, மாட்டு ஈரல்.
கழுத்து பலவீனம். மூன்றாம் பரிசு.'
ஈரலை அடித்துவிட்டு
மறுபடியும் ஈரல் என்றே எழுதியிருக்கிறார்.

ஒரு சிவப்பைச் சொல்ல
ஆளுக்கொரு பொருளைக் கூப்பிட்டிருக்கிறார்கள்,
மாதாகோயில் திரைச்சீலையை,
அடுப்பில் அணையும் கரியை,
ஒருவர், தன் மனைவியின் கையுறையை.
ஓரத்தில் தமிழில் எழுதியவர் மட்டும்
(கணக்கர் ஞானாதிக்கம், சாய்ந்த கையெழுத்து)
'நாவற்பழம் தின்ற நாக்கு' என்கிறார்.
படித்ததும் ஏனோ
வாயை மூடிக்கொண்டேன்.

அவர்தான் எழுதுகிறார்:
'காலை ஏழு மணிக்குப் பட்டியல் சொல்வது உண்மை.
பத்து மணிக்குப் பாதி உண்மை.
ஒரு மணிக்கு நீலம்.
விஷம் தீண்டிய நீலம்.
துரையை அழைத்துப் போய்க் காட்டினேன்.
அவர் எனக்குப் பட்டியலைக் காட்டினார்.'

இன்னொரு நாள்:
'தலை குனிகிறது. வெட்கம் என்கிறாள் துரைசானி.
பாரம் என்று நினைக்கிறேன்.'

1942.
நாற்பத்தொன்றுக்கு நேரே ஒரே சொல்:
மரவள்ளி.
பிறகு கிழங்கின் எடை, கட்டிக் கணக்கில்,
வாரா வாரம், சாய்ந்த கையெழுத்தில்.
1943 ஜூனில் கை மாறுகிறது.
புதிய எழுத்து நிமிர்ந்து நிற்கிறது,
எதையும் எதைப்போலவும் என்று சொல்வதில்லை.
முந்தியவர் எங்கே என்று
கிழங்கைக் கேட்க முடியாது.

1949: 'லெதர்பி. இருப்பில் இல்லை.
கருஞ்சிவப்பு. இதழ் நாற்பது.
நீலம் பாரிக்காது.'
இல்லாத பூவுக்கும்
அதே உறுதிமொழி.

நேற்று மலை ரயிலிலிருந்து இறங்கி
ஆயர் ஈத்தாமில் பஸ்ஸுக்கு நின்றேன்.
கறுப்புத் தண்ணீர் என்று பெயர் வாங்கிய ஊர்;
ஆறு தேயிலைச் சக்கை நிறத்தில் ஓடுகிறது.
எதிர் ஃபிளாட்டின் முதல் மாடி நடையில்
பெயிண்ட் டின் ஒன்றில்
ஒரு கருஞ்சிவப்பு, கழுத்து மடங்கி.

பஸ்ஸை விட்டுவிட்டேன்.

வீட்டுக்காரி திருமதி கூ.
பெயர் கேட்டேன்.
'ரோஸ்' என்றார், என்னை ஒரு மாதிரி பார்த்து.
எங்கே வாங்கியது?
முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப் போனது.
எண்ணினேன், இருபத்தெட்டு இதழ்.
ஒன்றில் பாதியை எறும்பு தின்றிருந்தது.
முகர்ந்தேன்.
பூண்டு வதங்கும் வாசம் மட்டும் வந்தது,
அவர் வீட்டு அடுப்பிலிருந்து.

லெதர்பியாக இருக்க வழியில்லை.
எண்பது வருஷம், எத்தனை சிவப்பு
இந்தத் தீவில் இறங்கியிருக்கும்.

மேற்பார்வையாளர் அனுப்பிய படிவத்தில்
நிறத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது,
ஒரு சொல் மட்டும் பிடிக்கும்.
காலியாக விட்டிருக்கிறேன்.

இன்று சனிக்கிழமை. வேலை இல்லை.
மணி பன்னிரண்டு ஐம்பது.
வெயில் நடையின் கம்பியைத் தாண்டி
டின்னின் விளிம்புக்கு வந்துவிட்டது.
திருமதி கூ எதற்கென்று கேட்கவில்லை.
ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து
எனக்குப் போட்டார்.
பிறகு உள்ளே போய்
இன்னொன்றையும்.