முப்பதாம் தேதியும் முப்பத்தொன்றும்

இரவு பதினொன்று இருபது.
சமையலறை மேசையில் இன்னும் வெயில்.
நோட்டைத் திறந்துவிட்டேன்.
எந்தத் தேதி போடுவது என்பதில்தான் வம்பு.
பொழுது சாய்ந்தால் அல்லவா நாள் முடியும்?
ஓவ்லுவில் ஜூன் கடைசியில் சூரியன்
கடல்வரை போய்க் கால் நனைத்துவிட்டு
வீட்டுக்கு வராமல் அங்கேயே நிற்கிறது.

நான்கு வாரம் விடுப்பு.
பல் மருத்துவமனையில் என் வேலை
"உட்காருங்கள், கூப்பிடுவார்கள்" என்பதோடு சரி.
"லீவில் என்ன செய்கிறாய்?" என்கிறாள் சிர்க்கு.
ஒன்றுமில்லை என்கிறேன்.
அந்த ஒன்றுமில்லையைத்தான்
தினம் ஒரு பக்கம் எழுதுகிறேன்.

வியாழன்: நல்லிகாரிக் கரையில் தண்ணீர் பதினாறு டிகிரி.
கழுத்துவரை இறங்கினேன்.
எழுதக்கூடாத ஒரு வார்த்தை சொன்னேன்.
வாத்து திரும்பிப் பார்த்தது.

வெள்ளி: புது உருளைக்கிழங்கு, சதகுப்பைக் கீரை, வெண்ணெய்.
மூன்று வேளையும்.

சனி: சைக்கிளின் பின்சக்கரத்தைப் பிரித்து மாட்டினேன்.
ஒரு திருகாணி மிச்சம்.
சைக்கிள் ஓடுகிறது.
இத்தனை வருடம் அந்தத் திருகாணி
உள்ளே உட்கார்ந்து என்னதான் செய்தது?
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
சந்தைக்குப் போனேன். ஸ்ட்ராபெர்ரி ஒரு லிட்டர்.
பாதி வழியிலேயே அரை லிட்டர்.

ஞாயிறு ஒன்றும் எழுதவில்லை. மழை.

இன்று கம்பளம் துவைத்தேன்.
நீளக் கம்பளம், கந்தல் துணிகளால் நெய்தது,
பழைய சாமான் கடையில் பென்ட்டியும் நானும்
பேரம் பேசாமல் வாங்கியது.
பிரிந்தபோது சோபா அவனுக்கு, இது எனக்கு.
அவன் கொட்டிய காபியும் எனக்கு.

ஆற்றோரத் துறையில் மர மேசைகள், பைன் சோப்பு வாசனை,
முழங்கால்வரை நனைந்த பாதி ஊர்.
ஜூன் வந்தால் இங்கே எல்லார் வீட்டுத் தரையும்
வெளியே வந்து படுத்துக்கொள்ளும்.
தேய்த்தேன். அலசினேன். மறுபடி தேய்த்தேன்.
நனைந்த கம்பளம் தூங்கும் கன்றுக்குட்டி போல,
எங்கே பிடித்தாலும் இன்னோரிடம் தொங்குகிறது.

பக்கத்து மேசையில் ஒருவர்
கைக்குட்டையைவிடச் சற்றே பெரிய
குளியலறை மிதியடி ஒன்றை
அரைமணியாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்,
ஏதோ குற்றத்தை மறைப்பவர் மாதிரி.

"பிடிக்கட்டுமா?"

இந்த ஊரில் முன்பின் தெரியாதவர் இப்படிக் கேட்பது
மேடையேறிப் பேசுவதற்குச் சமம்.
பிழியும் உருளைகளுக்கு நடுவே அவர் நுழைக்க
நான் கைப்பிடியைச் சுற்றினேன்.
ஆறாவது சுற்றில் தண்ணீர் எல்லாம்
அவர் காலணிக்குள் போயிற்று.
"கனம்தான்" என்றார்.
"ஆமாம்" என்றேன்.
பிறகு அவர் முறை.
மிதியடி இந்தப் பக்கம் போய்
அந்தப் பக்கம் வர மூன்று நொடி.
அவ்வளவுதான். இருவரும் சிரித்துவிட்டோம்.
அவர் சளக் சளக்கென்று நடந்து போனார்.

காயவைக்கும் கம்பியில் போட்டபின்தான் பார்த்தேன்,
காபிக்கறை போகவில்லை. கொஞ்சம் வெளுத்திருக்கிறது.
மேசையில் இரண்டு பிரஷ்.
ஒன்று என்னுடையது.
இன்னொன்றின் மரப்பிடியில் சுட்டெழுதிய
எச். ஆர்.

ஹன்னு? ஹேமி? ஹெர்கோ?
ஹெர்கோவாக இருக்காது.
அந்த மிதியடிக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

இப்போது பால்கனியில், முள்ளங்கித் தொட்டிக்குப் பக்கத்தில்
முள் கீழாகக் காய்கிறது.
நாளை அதே நேரம் கொண்டுபோய்
அதே மேசையில் வைத்துவிடலாம்.
வைத்துவிட்டு வரலாம்.
அல்லது கம்பளம் காய்ந்ததா என்று பார்க்கிற சாக்கில்
கொஞ்ச நேரம் நிற்கலாம்.

'நாளை' என்று எழுதிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன்.
பன்னிரண்டரை.
எழுதியதை அடித்து 'இன்று' என்று திருத்தினேன்.
அதுவும் சரியாகப் படவில்லை.

முள்ளங்கிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்தாயிற்று.
எழுந்து போய் ஊற்றினேன்.
வெளிச்சமாகத்தான் இருந்தது.
கணுக்காலில் இரண்டு கொசுக்கடி.