வியாழக்கிழமை சலவை நாள்

ஓல்டனில், எட்டுக் குடும்பம் இருக்கிற வீட்டின் அடியில்
யுத்தம் வந்தால் ஒளிக்கவென்று கட்டிய அறை.
யுத்தம் வரவில்லை.
நாங்கள் வந்தோம்,
மாசம் நூற்றியெண்பது பிராங்குக்கு.

இரும்புக் கதவு ஒரு சாண் தடிப்பு.
ஆனால் சலவை அறைப் பக்கத்துச் சுவர்
பிறகு யாரோ செலவு பிடித்துக் கட்டியது.
வியாழன் பின்னேரம் ஸ்டவுஃபர் அம்மையாரின் முறை.
ஆறரைக்கு அவருடைய படுக்கை விரிப்புகள்
எங்கள் மைக்குக்குள் சுழலத் தொடங்கும்.

சலவை அறை விதிப்பலகையில் இருந்துதான்
குழுவுக்குப் பெயர் எடுத்தோம்:
'இரவு பத்துக்குப் பிறகு'.

டிரம்ஸ் அடிப்பவனின் பெயரை எழுதினால் பீட்.
கூப்பிட்டால் பேயாட்.
ஆசீர்வதிக்கப்பட்டவன் என்று அர்த்தமாம்.
தாளத்துக்கும் அவனுக்கும் ஒரு உறவும் இல்லை.
மூன்றாவது பாட்டின் நடுவில்
கடைசி பஸ்ஸைப் பிடிக்கிறவன் மாதிரி ஓடுவான்.

முதல் ஆல்பம் ஐந்நூறு பிரதி.
முந்நூற்றுப் பதினொன்று இன்னும்
லூசியாவின் கட்டிலுக்குக் கீழே.
பூனைக்கு அதன்மேல்தான் நித்திரை.
எல்லாப் பாட்டிலும் கோபம்:
பள்ளிக்கூடம், டிக்கெட் பரிசோதகர்,
'எந்த ஊர்?' என்று கேட்டு
'ஓல்டன்' என்றதும் திரும்பவும் கேட்டவர்கள்.
மூன்று கிழமையில் எழுதி முடித்தோம்.

இரண்டாவதுக்கு இது நாலாவது வருசம்.
லூசியா பல் வைத்தியரிடம் வரவேற்பில்.
பேயாட்டுக்கு இரட்டைப் பிள்ளைகள்.
நான் இரவில் ஹெர்க்கிங்கனில் பொதி பிரிக்கிறேன்.
கோபம் இல்லாமல் இல்லை.
முதல்நாளே எடுத்து வெளியே வைக்கவேண்டியிருக்கிறது,
பிரீசரில் கிடந்த இறைச்சி போல.

அப்பா ஒருமுறை வந்தார், ஆம்ப் தூக்க.
கதவின் தடிப்பைக் கையால் தடவிப் பார்த்தார்.
'நல்ல பங்கர்' என்றார்.
ஆம்பை வாசலில் வைத்தார்.
உள்ளே வரவில்லை.
இதையும் பாட்டாக்கலாம் என்றாள் லூசியா.
நான் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

மாசியில் பாடகன் போனான். சூரிச்சில்
கலியாணங்களுக்குப் பாடக் காசு தருகிறார்களாம்.
குறுஞ்செய்தியின் முடிவில் ஒரு பச்சை இதயம்.
ஏன் பச்சை என்று
ஒரு முழு ஒத்திகை நேரமும் கதைத்தோம்.
அதற்குப் பிறகு நான் பாடவேண்டியதாயிற்று.
பாடினால் பேஸ் பிழைக்கும்.
பேஸ் சரியென்றால் சொல் பிழைக்கும்.
'கதவு' என்கிற இடத்தில் 'கனவு' என்று பாடி
மூவரும் வெட்கப்பட்டோம்,
ஏனென்றால் அது மோசமான கவிதை.

பிறகு அந்த வியாழன்.
ஏழாவது தடவை.
சுவருக்கு அந்தப்பக்கம் மெசின்
தண்ணீரை இறக்கிவிட்டு
வேகம் பிடிக்கத் தொடங்கியது.
நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினேன்.
பேயாட் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தான்.
ஸ்னேர் விழவேண்டிய இடத்தில் விழுந்தது.
திரும்பவும் விழுந்தது.
நாலு நிமிசம், பிறந்ததிலிருந்து முதல்தடவையாக,
அவன் எங்கேயும் ஓடவில்லை.
நான் கதவைக் கதவென்றே பாடினேன்.
மெசின் மூன்றுமுறை கூவி நின்றது,
பாட்டும் நின்றது.
ஒருவரும் கதைக்கவில்லை.
லூசியா கணினியைப் பார்த்தாள்:
பதிவுப் பொத்தானை
அவள் அமத்தவே இல்லை.

திங்கள் திரும்ப முயன்றோம். சலவை அறையில் ஆளில்லை.
இரண்டாவது வரியிலேயே பஸ் கிளம்பிவிட்டது.

செவ்வாய் இரவு மூன்றாம் மாடி.
சப்பாத்தைக் கழற்றி, கம்பளத்தில் வரிசையாக நின்று
மணியை அடித்தோம்.
ஸ்டவுஃபர் அம்மையார்
சத்தம் பற்றி மன்னிப்புக் கேட்க வந்தோமென்று நினைத்துவிட்டார்.
இல்லை, என்றான் பேயாட். காது சிவந்திருந்தது.
சனிக்கிழமையும் தோய்க்க முடியுமா?
மின்சாரக் காசு நாங்கள் தருகிறோம்.

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
'நாற்பது பாகையா,
அறுபதா?'