மூட்டைக் கணக்கு

காலை ஆறுக்குப்
பாலத்தின் மூன்றாம் தூணில்
மஞ்சள் எண்களைப் பார்த்து
நோட்டில் எழுதுவேன்:
'தண்ணீர் இல்லை.'
வருஷத்தில் முன்னூறு நாள் இதே வாக்கியம்.
இதற்குத்தான் சம்பளம்.

கெடிலக்கரையை வெட்டினால் தெரியும் என்பார்
ஓவர்சியர் தேசிங்கு:
அடியில் களிமண்,
மேலே கோட்டைக்காரன் காலத்துச் செங்கல்,
பஞ்சத்தில் கூழுக்கு மண் சுமந்தவர்களின் ஓரடுக்கு,
கருங்கல்,
உச்சியில் யூரியா சாக்கில் நாங்கள் திணித்த மணல்.
வெள்ளத்துக்கு ஒரு முழமாக
ஏறிக்கொண்டே வந்திருக்கிறது பயம்.

சாக்கு கிழிந்த இடத்தில்
பாவாடை பூசணி போட்டிருக்கிறார்.
டிரைவிங் ஸ்கூல் கார்
தினமும் அதே வளைவில் அணைந்துபோகும்.
கோர்ட்டுக்கு வந்த அண்ணன் தம்பி
ஒரே பொட்டலத்தில் பட்டாணி தின்று
பேசாமல் எழுந்து போவார்கள்.
தை ஐந்தாம் நாள்
ஊர்ச்சாமிகள் எல்லாம் இறங்கிவரும்
சுருளிக்கிழங்கு வாசத்துக்குள்.
போன வருஷம்
லாரித் தண்ணீரில்தான் தீர்த்தவாரி.

அந்தக் கார்த்திகையில் மட்டும்
இரவு இரண்டேகாலுக்கு
எண்கள் முழுகிவிட்டன.
நானூறு மூட்டை கேட்டோம்.
வந்தது இருநூற்றுப் பத்து.
இருநூற்றுப் பத்தும் இந்தப் பக்கம்.
யாரும் உத்தரவு போடவில்லை.
கருவூலமும் கோர்ட்டும் இருக்கிற பக்கம்
லாரி நின்றது, இறக்கினோம்.
கரை பிடித்துக்கொண்டது.
கலியமூர்த்தி விசில் அடித்தான்.
விசில் ஓய்வதற்குள்
எதிர்க்கரையில் ஒவ்வொன்றாக
விளக்குகள் போயின.

மெகருன்னிசாவின் டீக்கடை அங்கேதான்.
சுவரில் என் மார்பளவுக்கு
ஒரு பழுப்புக் கோடு.
வெள்ளையடித்தபோது
அதை மட்டும் விட்டுவிட்டாள்.
தினமும் பாலம் தாண்டிப் போய்
அந்தக் கோட்டுக்குக் கீழே உட்கார்ந்து
டீ குடிக்கிறேன்.
சர்க்கரை கம்மியா என்பாள்.
வேறெதுவும் கேட்டதில்லை.

நேற்று நோட்டில்
வழக்கமான வாக்கியத்தை எழுதிவிட்டு,
பாதிப் பக்கம் காலியாகக் கிடந்ததில்
இருநூற்றுப் பத்து என்று எழுதினேன்.
பிறகு அடித்தேன்.
அடித்தாலும் படிக்க முடிந்தது.

எழுந்து
எவ்வளவு ஆச்சு என்றேன்.
சுவரைப் பார்த்தாள்.
கொஞ்ச நேரம் கழித்து
பன்னுக்கும் சேர்த்துப்
பதினெட்டு ரூபாய் என்றாள்.