வழுவமைதி

எபேன், ஆறாம் மாடி, ஜனவரி.
வானொலி சொல்லிவிட்டது: புயல் எச்சரிக்கை, வகுப்பு இரண்டு.
வலேரி நிமிரவில்லை.
கீழே காவலாளி தன் ஸ்கூட்டரை
மதிலோரம் தள்ளிக் கட்டுகிறார்.
இரண்டு என்றால் பள்ளிக்கூடம் இல்லை,
மெழுகுவர்த்தி, ரொட்டி, டின் மீன்.
மூன்று என்றால் பஸ் நிற்கும்.
நான்கு என்றால் கதவைத் திறக்காதே.
இந்தத் தீவில் எவரும் அதற்குக் கையேடு புரட்டியதில்லை.

என் திரையிலும் ஓர் இரண்டு.
கடுமை = 2
ஆறு வருடம் முன் நானே வைத்தது.
ஒன்றைவிடக் கூடவா குறைவா என்று
எனக்கே இப்போது நிரலைத் திறந்து பார்க்க வேண்டும்.

போர்ட் லூயி துறைமுகக் கிடங்கிலிருந்து
காலையில் ஒரு கடிதம், முத்துக்கருப்பன் என்பவர்:
"முதல் தரம் என்றால் உச்சம் என்று நினைத்து
ஒன்று போட்டேன்.
எடைகளில் கிலோவும் பவுண்டும் கலந்திருப்பது
உங்கள் கருவிக்குத் தெரிந்திருக்கிறது.
எங்கோ ஒரு கோப்பில் முணுமுணுத்திருக்கிறது.
பதினோரு கன்டெய்னர் போய்விட்டது."
கோபம் இல்லாத கடிதம். அதுதான் சுட்டது.

எண்களைத் தூக்கிவிடுவோம், என்றேன்.
மிதம், கடுமை, அபாயம் என்று எழுதிப் பார்த்தோம்;
இரண்டு பேருக்குள் மூன்று அபிப்பிராயம்.
எவ்வளவு கெட்டது என்று கேட்டால்
அவரவர் பட்டதைத்தான் சொல்வார்கள்.
பார்த்தால் என்ன செய்வாய், அதைக் கேள், என்றாள் வலேரி.
அப்படி வந்தன மூன்று வினைச்சொற்கள்:
நிறுத்து.
சொல்.
விடு.

'விடு'வில்தான் இடறினேன்.
அதைத்தான் எல்லோரும் முதலில் தேடுவார்கள்,
வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு.

பரீட்சைக்கு உருப்போட்ட இலக்கணத்தில்
ஒரு சொல் மிச்சம் இருந்தது எனக்கு.
வழு என்றால் பிழை.
வழுவமைதி என்றால் பிழைதான்,
ஆனால் காரணம் இருக்கிறது, இருக்கட்டும்.
காவலாளி தன் ஸ்கூட்டரை 'மாதாம்' என்பாரே, அதுபோல.
மழையில் மாதாம் கிளம்ப மாட்டாள் என்பார்.
அஃறிணை என்று யாரும் திருத்துவதில்லை.

ஆகவே 'விடு' என்று எழுதினால்
அடியில் 'காரணம்' என்று ஒரு வரி.
காலியாக இருந்தால் கருவி நகராது.
"ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போவார்கள்," என்றாள்.
வைக்கட்டும். வைத்தவர் பெயரும் பக்கத்தில் நிற்கும்.

எதுவுமே எழுதாதவருக்கு என்ன?
அதில் மட்டும் சண்டை முடியவில்லை.
அவள் 'சொல்' என்கிறாள்.
நான் முத்துக்கருப்பனை நினைத்து 'நிறுத்து' என்கிறேன்.

நடுவில் வானொலி: மூன்று.
வலேரி மேசைக்கடியில் செருப்பைத் தேடுகிறாள்.
போகுமுன் எங்கள் நிரலின் மேலேயே
ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்.
முதல் கோப்பிலேயே நின்றது, என் கோப்பு,
ஆறு வருடமாக நான் வாய் பொத்தி வைத்திருந்த ஒரு வரி.

காரணம்?
கர்சர் துடிக்கிறது.
'ஞாபகம் இல்லை' என்று தட்டினேன்.
ஏற்றுக்கொண்டது,
என் பெயரோடு.

கீழே, மழையில், மாதாம் கிளம்பவில்லை.