நூற்றுக்கு அறுபத்தொன்று

இரவு ஒன்றே முக்கால்.
யஷ்வந்த்பூரில் கடைசி மெட்ரோ போய்
இரண்டு மணி நேரம் ஆகியும்
கண்ணாடிகள் இன்னும் நடுங்குவதாகவே படுகிறது எனக்கு.
டென்னிஸ் பந்துகளைப் பாதியாய் வெட்டி
மேசைக் கால்களுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறோம்.
உலகத்தின் அடிப்படையை விசாரிக்கும் மேசை.

ஒரே படிகத்தில் பிறக்கும் இரட்டை ஒளித்துகள்கள்.
ஒன்று என்னிடம்.
மற்றது முற்றம் தாண்டி, பலாமரம் தாண்டி
நாகவேணியின் அறைக்கு.
அவள் எந்தக் கோணத்தில் கேட்பாளோ
எனக்குத் தெரியாது,
என் துகளுக்குத் தெரிய நேரமும் இல்லை.
ஆனாலும் பதில்கள் பொருந்துகின்றன,
முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டவர்களுக்குப்
பொருந்தக்கூடியதைவிட
அதிகமாக.

இரண்டு என்பது மதில்.
பேசிவைத்தவர் எவரும் தாண்ட முடியாதது.
எங்கள் எண் இரண்டரை.

கேக் வெட்டலாமா என்றாள் போனில்.
தொலைந்தவை எத்தனை என்று கேட்டேன்.

நூறு வந்தால் கருவி பிடிப்பது அறுபத்தொன்று.
மற்றவை இழையின் வளைவில், பசையில்,
லென்ஸில் படிந்த இந்த ஊரின் தூசியில்.
சில சமயம் எதுவும் வராமலே
தானாக ஒரு 'டிக்'.
குளிரூட்டி சுணங்கினால் அந்தப் பொய் கூடும்.

பிடிபடாதவையும் பிடிபட்டவை மாதிரியே இருந்திருக்கும் என்று
கட்டுரையில் ஒரு வரி எழுதுவோம்.
எல்லோரும் எழுதும் வரிதான்.

வீட்டுக்குப் போனால் கதவிடுக்கில் சீட்டு.
கணக்கெடுக்க வந்தவர் கன்னடத்தில் கிறுக்கியது:
மனெ பீக ஹாகிதெ.
வீடு பூட்டியிருக்கிறது. மூன்றாம் முறையாக.
மத்திகெரெயில் இந்தச் சந்தில்
பகலில் திறந்திருக்கும் வீடுகளை வைத்து
என்னையும் முடிவு செய்திருப்பார்:
எத்தனை பேர், என்ன தாய்மொழி, எந்த அடுப்பு.
தப்பு என்று சொல்ல
நான் வீட்டில் இருந்திருக்க வேண்டும்.

செருப்பைக் கழற்றாமல் லேப்டாப்பைத் திறந்தேன்.
பிடிபடாத ஒவ்வொன்றுக்கும் ஒரு விடை கொடுத்து,
ஒரு முயற்சியையும் தள்ளாமல்
மறுபடி கூட்டினேன்.
இரண்டரை
ஒன்றேகால் ஆனது.

மதிலுக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறோம்.
எதுவும் பொய்யாகிவிடவில்லை.
எதுவும் நிரூபணமும் ஆகவில்லை.
தெருநாய் ஒன்று எங்கோ குரைக்க
இன்னொன்று, இரண்டு தெரு தள்ளி,
அதே நொடியில் குரைத்தது.
அதை நான் குறித்துக்கொள்ளவில்லை.

நாகவேணிக்கு அந்த எண்ணை மட்டும் அனுப்பினேன்.
நாலரைக்குப் பதில் வந்தது:
'புது டிடெக்டருக்கு விண்ணப்பம் நீ எழுது.
கேக் நேத்தே வாங்கியாச்சு.
லேப் ஃப்ரிட்ஜ்ல, படிகங்களுக்குப் பின்னாடி.'