வித்தியாசம்

பூம்பாறைக்கு வந்த துண்டறிக்கையில்
கட்டம் போட்டு அச்சடித்திருந்தார்கள்
குழந்தைவேலின் வெற்றிகளை.
ஊராட்சி வார்டு உறுப்பினர், தலைவர்,
ஒன்றியக் கவுன்சிலர், சட்டமன்றம்,
இப்போது நாடாளுமன்றத்துக்கு இரண்டாம் முறை.
ஒன்றியத்துக்கு முதலில் நின்று
பத்தொன்பது ஓட்டில் தோற்றது அதில் இல்லை.
முதல் கட்டத்தில் மட்டும் எண் போடாமல்
‘அமோக வெற்றி’ என்றிருந்தது.

அமோகம் என்பது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.
அன்று அவனுக்கு எண்பத்து மூன்று.
எனக்கும் எண்பத்து மூன்று.
அவன் சின்னம் பூட்டு, என் சின்னம் சீப்பு.
எத்தனை வாரியும்
ஒரு மயிரிழை வித்தியாசம் சிக்கவில்லை.

கொடைக்கானல் ஒன்றிய அலுவலகத்தில்
மூன்று முறை எண்ணினார்கள்.
வெளியே மழை, உள்ளே மெழுகுவத்தி.
கடைசியில் அதிகாரி ஒரு தாளை இரண்டாகக் கிழித்து
இரண்டு பெயர் எழுதி
காவலாளியின் குரங்குக் குல்லாவுக்குள் போட்டார்.
டீ கொண்டுவந்த பையன்
கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கையை விட்டான்.
குழந்தைவேல்.

“குலுக்கலில் விழுந்தால்
ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியதாக அர்த்தம்” என்றார்.
யார் போட்ட ஓட்டு சார் அது, என்றேன்.
“சட்டம்மா” என்றார்
டீயை ஊதிக்கொண்டே.

அதற்குப் பிறகு அவன் ஒவ்வொரு படியாக ஏறினான்.
இருநூற்றுப் பதினொன்று,
ஆயிரத்து எண்ணூற்று நாலு,
ஒரு லட்சத்துச் சொச்சம்.
எங்களுக்குத் தெரிந்ததெல்லாம்
பதவி ஏற ஏற அவன் மலை இறங்கினான் என்பதுதான்.
தலைவரானபோது கொடைக்கானலில் வாடகை வீடு.
கவுன்சிலரானபோது பெருமாள்மலை தாண்டினான்.
எம்.எல்.ஏ. ஆனதும் பழனியில் மாடி வீடு.
எண்ணிக்கை திண்டுக்கல்லில், பதவி டெல்லியில்.
அங்கே பனி உண்டாம்,
பூண்டு விளையாதாம்.
யாரோ சொன்னார்கள். நம்பவில்லை.

ஒன்றைச் சொல்லவேண்டும்.
முப்பது வருஷமாக என் வீட்டுக்காரரிடமும் சொல்லாதது.

அன்று அட்டை மறைப்புக்குள்
வெள்ளைச் சீட்டை விரித்து
முத்திரையைக் கையில் பிடித்தபடி நின்றேன்.
எனக்கு நானே குத்திக்கொள்வது
பந்தியில் உட்கார்ந்து
என் இலையில் நானே பாயசம் ஊற்றிக்கொள்வது மாதிரி
கூச்சமாக இருந்தது.
பூட்டின் மேல் குத்தினேன்.

கணக்கு சின்னதுதான்.
கூசாமல் இருந்திருந்தால்
எண்பத்து நாலு, எண்பத்திரண்டு.
அந்தப் பையன் நனைந்த கையைத்
துடைத்துக்கொண்டே போயிருப்பான்.
குல்லா காவலாளியின் தலையிலேயே இருந்திருக்கும்.

அப்புறம் எந்தத் தேர்தலிலும்
நான் அவனுக்குப் போடவில்லை.
அவனுக்கு அது தேவைப்படவும் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை வந்தான்.
நாலாம் வார்டுக்கு ஜீப் வராது.
மேளத்தையும் மாலைகளையும் மேட்டிலேயே விட்டுவிட்டு
வியர்க்காத வெயிலில் நடந்து வந்து
“சீப்பு அக்கா” என்றான்.
மறக்கவில்லை, அதுவரைக்கும் நல்லது.
“அன்னைக்கு நீங்க ஜெயிச்சிருந்தா
நான் இன்னமும் பூண்டுதான் கட்டிக்கிட்டிருப்பேன்.”
கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.
நான் பூண்டு கட்டிக்கொண்டிருந்தேன்.

ஓடைப் பாலத்தைக் கேட்டேன்.
அந்த முதல் தேர்தலில்
அவன் நோட்டீஸிலும் இருந்தது, என் நோட்டீஸிலும் இருந்தது.
இருவரும் ஒரே அச்சகத்தில்தான் அடித்தோம்.
“நிதி ஒதுக்கியாச்சு அக்கா.”
எப்போது என்று கேட்பதற்குள்
யாரோ போனை நீட்டினார்கள்.

திரும்பும்போது ஓடையைக் கடக்கவேண்டும்.
குறுக்கே இரண்டு யூக்கலிப்டஸ் கட்டைகள்.
மழைக்கு வழுக்கும்.
ஒரு போலீஸ்காரர் முன்னால் நின்று கையைக் கொடுக்க
வெள்ளை வேட்டியை முழங்காலுக்குத் தூக்கி
பழைய ஆள் மாதிரியே, பார்க்காமல்,
இடப்பக்கத்துக் கட்டையில் கால் வைத்தான்.

அது நான் போட்டது.
அதையும் சொல்லவில்லை.